ஆமைக்கும் நாட்டுப்படகுக்கும் ஒரே எல்லைக்கோடுதான்!



ஜனவரி தொடங்கி மார்ச் வரைக்கும் நீலாங்கரை கடற்கரையில் நள்ளிரவு தாண்டியும் சில காலேஜ் பிள்ளைங்க நடந்துக்கிட்டு இருப்பாங்க. பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்ட தடத்தைத் தேடி, பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர் நடை. குழியைக் கண்டுபிடிச்சு, நூறு முட்டையையும் பதமா எடுத்து, பொரிப்பகத்து மணலில் புதைச்சு, 45 நாள், 50 நாள் காவல் இருந்து குஞ்சுகளைக் கடலில் விடுவாங்க. மாணவர்களே நடத்துற கடலாமை பாதுகாப்பு அமைப்பு இது. 1988லிருந்து நடக்குது. சம்பளம் கிடையாது.

இதுக்கு முன்னோடி சதீஷ் பாஸ்கர். 1970களில் சென்னை ஐஐடிக்குப் பொறியியல் படிக்க வந்த பையன். படிப்பை விட்டுட்டு ஆமையைத் தேடி நாட்டின் கடற்கரைகளைக் காலால் அளந்தார். 1982ல் லட்சத்தீவின் சுஹேலி தீவில், மழைக்காலம் முழுக்கத் தன்னந்தனியா தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதி பாட்டிலில் அடைச்சுக் கடலில் போட, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைச்சு, அவர் தபாலில் அனுப்பி வைச்சார். கேட்டா கதை மாதிரி இருக்கும். நடந்தது.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். 2025 ஜனவரியில் இதே சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் நல்லா வளர்ந்த ஆமைகள். ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினா ஒண்ணு ரெண்டுதான் அந்த வயசுக்கு வரும்னு சொல்றாங்க. அப்போ கணக்குப் போட்டுப் பாருங்க, அந்தப் பிள்ளைங்க எத்தனை ராத்திரி நடந்தா இந்த நஷ்டத்தை ஈடுகட்ட முடியும்? ஆமைக்கு நுரையீரல்தான் இருக்கு, மூச்சுவிட மேலே வந்தே ஆகணும். விசைப்படகின் இழுவலைக்குள்ள சிக்கினா மூச்சுத் திணறிச் சாகும்.

"ஆமைக்காக மீனவன் வயித்துல அடிக்கிறாங்க"ன்னு நம்ம ஆளுங்களே சிலர் பேசுறாங்க. கோபம் புரியுது. ஆனா எந்த மீனவன்னு கேட்கணும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுவலை போடக் கூடாது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே வந்தாச்சு. அந்த எல்லைக்குள்ளதான் நாட்டுப்படகும் ஃபைபர் படகும் பிழைக்குது. எல்லை தாண்டி உள்ளே வர்ற விசைப்படகு ஆமையையும் கொல்லுது, ஊர்க்கார மீனவனோட வலையையும் அறுத்துட்டுப் போகுது. அந்தக் கோட்டைக் காத்தா ரெண்டு உயிரும் பிழைக்கும்.

விசைப்படகு உரிமையாளர்களுக்கும் இதில் லாபக் கணக்கு இருக்கு. இழுவலையில் ஆமை தப்பிக்கிற கம்பிச் சட்டம் இல்லைன்னு சொல்லித்தான் அமெரிக்கா 2019ல் நம்ம கடல் இறாலை வாங்குறதை நிறுத்துச்சு. அந்தக் கருவியைக் கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம கடலுக்கு ஏத்த மாதிரி எப்பவோ வடிவமைச்சு வைச்சிருக்கு. கொஞ்சம் மீனும் வெளியே போயிடும்னு படகுக்காரங்க தயங்குறாங்க, நியாயமான தயக்கம்தான். அதனாலதான் கருவியை அரசே இலவசமாக் கொடுக்கணும், முதல் பருவத்து நஷ்டத்துக்கு ஈட்டுத்தொகையும் தரணும்ங்கிறோம். அபராதச் சீட்டு மட்டும் நீட்டினா வேலைக்கு ஆகாது.

இன்னொண்ணு, முட்டையிடும் மாதங்களில் ராத்திரி கடல் ரோந்து வேணும். செத்த ஆமையை எண்ணுறதுக்கு ஆள் அனுப்புற துறைகள், ஆமை உயிரோட இருக்கும்போதே படகை அனுப்பட்டும். அந்தப் பிள்ளைங்களுக்கு மேடையில் சால்வை போடுறதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கடலோர மாவட்டத் தோழர்கள் அடுத்த மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுங்க. உங்க ஊர் நாட்டுப்படகு மீனவர்களைக் கூட அழைச்சுக்கிட்டுப் போங்க, அவங்க பேசட்டும். சென்னையில் இருக்கிறவங்க ஒரு ராத்திரி அந்தப் பிள்ளைங்களோட நடந்து பாருங்க. கைபேசி விளக்கை மட்டும் அணைச்சுடுங்க, வெளிச்சம் பார்த்தா குஞ்சுங்க கடலை விட்டுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிடும்.