காப்பி அடிச்சது யாருங்க?

கோடைக்கு ஒரு கலம்காரி டாப் தைச்சேன். ஒரு டிசைனர் சட்டையைப் பாத்து வெட்டினது. அகலக் கழுத்து, லூசான கை, டார்ட் கிடையாது. போட்டுட்டுப் போனா ஒரு தோழி, "டிசைனரைக் காப்பி அடிச்சிட்டியே"ன்னு சிரிச்சாங்க. வந்துச்சு பாருங்க கோவம்!

ரெண்டு செவ்வகத்தைச் சேர்த்துத் தைக்கிறது எவன் வீட்டுச் சொத்துங்க? 2025 ஜூன்ல பிராடா கோலாப்புரி செருப்பு மாதிரியே ஒண்ணை மிலான்ல மேடையேத்தினாங்க. இங்கேர்ந்து சத்தம் கெளம்பின பிறகுதான் இந்தியக் கைவினைன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு பேரு மட்டும் 'இன்ஸ்பிரேஷனா'?

என் துணி காளஹஸ்தியில வாங்கினது. (சித்தூர் மாவட்டமா இருந்தது, 2022லேர்ந்து திருப்பதி மாவட்டம்.) கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊறவைப்பாங்க. இரும்பும் வெல்லமும் ஊறின கருப்பை மூங்கில் குச்சியில தொட்டுக் கையாலேயே கோடு இழுப்பாங்க. அப்புறம் ஒவ்வொரு சாயமா ஏத்தி, அலசி, காயவைக்கணும். புவிசார் குறியீடு வாங்கின வேலைங்க இது. இதை மெஷின்ல அடிச்சு அதே பேர்ல விக்கிறாங்களே, அதான் திருட்டு! காளஹஸ்தி வேலைன்னு சொல்ற துணியில எல்லா மயிலும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா நம்பாதீங்க. (மசூலிப்பட்டணம் கலம்காரி மரக்கட்டை அச்சு, அது வேற. அதுவும் கைவேலைதான்.)

லீவுல திருப்பதி போய் மொட்டை, லட்டு, ராகு கேது பூஜைக்குக் காளஹஸ்தி வரைக்கும்கூட போறோம். துணி மட்டும் சென்னை ஏசி கடையில! அங்கேயே பேரம் பேசாம ரெண்டரை மீட்டர் வாங்குங்க. பேட்டர்ன் நான் தர்றேன், தாராளமா காப்பி அடிச்சுக்குங்க :-)