சான்றும் சாட்சியும்: அமெரிக்க அரசியல் யாப்பு வரலாற்றின் மூலங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்பினை ஆராய்வோரிடையே ஒரு வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. யாப்பின் வாசகம் ஒன்றிற்குப் பொருள் காண வேண்டுமாயின், 1787 ஆம் ஆண்டிற் பிலடெல்பியாவிற் கூடிய மாநாட்டினர் அதுபற்றி யாது கூறினர் என நோக்குவர். ஜேம்ஸ் மடிசனின் குறிப்புக்களிலிருந்து இரண்டு வரிகளை எடுப்பர். ‘பெடரலிஸ்ற்’ கட்டுரைகளிலிருந்து மூன்றாவது வரியொன்றைச் சேர்ப்பர். உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை அதன்மேல் வைத்து முடிபு கூறுவர். அடிக்குறிப்புக்கள் நிறைந்திருக்கும், ஆய்வு நிறைந்திராது. எடுத்தாளப்படும் மூலங்கள் யாரால், எப்பொழுது, எந்நோக்குடன் எழுதப்பட்டன, அச்சேறுமுன் எவர் கைகளினூடாகச் சென்றன என்ற வினாக்கள் எழுப்பப்படுவதேயில்லை. மூலங்களைத் தேடுதல் என்பது நூலகத் தட்டிலே தொகுதி எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை என்று கருதுவோரே இத்தவற்றினைப் புரிகின்றனர். ஒவ்வொரு மூலமும் ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாது அவன் கூற்றை அப்படியே ஏற்கும் நீதிபதியை எவரும் மதியார். அதே செயலைச் செய்யும் ஆய்வாளன் மட்டும் மதிக்கப்படுவதற்கு நியாயம் யாதுமில்லை.

முதற்கண் மடிசனின் குறிப்புக்களையே நோக்கலாம். 1787 மே 25 முதல் செப்டெம்பர் 17 வரை நடைபெற்ற அம்மாநாடு மூடிய கதவுகளுக்குள்ளேயே கூடியது. பேசப்பட்டவற்றை வெளியிடலாகாது என்பது அதன் விதி. செயலாளரான வில்லியம் ஜக்சன் பிரேரணைகளையும் வாக்கெடுப்புக்களையும் மட்டுமே பதிந்தார். மாநாடு முடிவுற்றதும் உதிரித் தாள்களை எரித்துவிட்டு, பதிவேட்டினை ஜோர்ஜ் வோஷிங்ரனிடம் ஒப்படைத்தார். அப்பதிவேடு அச்சிலே வெளிவந்தது 1819 இல். நியூயோர்க் பிரதிநிதி றொபேட் யேற்ஸ் எழுதிய குறிப்புக்கள் 1821 இல் வெளிவந்தன. ஆனால் அவரோ 1787 யூலை 10 ஆம் திகதியே மாநாட்டை விட்டு வெளியேறியவர். மடிசன் 1836 இற் காலமானார். அவரது குறிப்புக்கள் 1840 இலேயே, அதாவது மாநாடு கூடி 53 ஆண்டுகள் கழிந்த பின்னரே, நூலுருப் பெற்றன. இடைப்பட்ட காலத்தில் அவர் கொங்கிரஸ் உறுப்பினராக, கட்சித் தலைவராக, சனாதிபதியாக விளங்கியவர். யேற்சின் நூலையும் 1819 ஆம் ஆண்டுப் பதிவேட்டையும் படித்தவர். தம் குறிப்புக்களைப் பலமுறை திருத்தியவர். மாநாட்டின் இறுதிப் பகுதிக்கான குறிப்புக்களை அவர் ஈராண்டுகளுக்குப் பின்னரே எழுதி முடித்தார் என மேரி சேரா பில்டர் 2015 இல் வெளியிட்ட தமது நூலில் கையெழுத்துப் படிகளையும் தாள்களையும் ஆதாரமாகக் கொண்டு வாதிட்டுள்ளார். அவரது முடிபுகள் அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆயின், மடிசனின் குறிப்புக்களை அன்றன்று அவையிலே எடுக்கப்பட்ட சுருக்கெழுத்துப் பதிவு போல எடுத்தாளுதல் இனி எவர்க்கும் தகாது.

இதனினும் விந்தையானது பிறிதொன்றுண்டு. மடிசனின் குறிப்புக்களை வேதவாக்காகக் கொள்வோர், அது குறித்து மடிசனே கொண்டிருந்த கருத்தினைப் பொருட்படுத்துவதில்லை. 1796 இல், பிரித்தானியாவுடன் செய்யப்பட்ட ஜே உடன்படிக்கை தொடர்பான விவாதத்திலே, சனாதிபதி வோஷிங்ரன் மாநாட்டுப் பதிவேட்டைச் சான்றாகக் காட்டினார். அதற்கு விடையாகப் பிரதிநிதிகள் சபையிற் பேசிய மடிசன், யாப்பின் பொருளை அதனை வரைந்த மாநாட்டிலே தேடுதல் முறையன்று. அதற்கு உயிரளித்த மாநில ஏற்புறுதி மாநாடுகளிலேயே தேடுதல் வேண்டும் என்னும் கருத்தினை முன்வைத்தார். வரைவு எழுதியோரின் எண்ணமன்று, அதனை ஏற்றுக்கொண்டோரின் விளக்கமே பொருளுடையது என்பது அவ்வாதத்தின் சாரம்.

அங்ஙனமாயின் மாநில மாநாடுகளின் பதிவுகளையே நம்பலாமே என்பர். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆய்வாளர் கையிலிருந்தது ஜொனதன் எலியற் 1827 முதல் தொகுத்து வெளியிட்ட ‘விவாதங்கள்’ என்னும் நூற்றொகுதி. அப்பேச்சுக்கள் பிழையாகப் பதியப்பட்டிருக்கலாம் என்பதை எலியற்றே முன்னுரையிற் குறிப்பால் ஒப்புக்கொண்டுள்ளார். பென்சில்வேனிய மாநாட்டைச் சுருக்கெழுத்திற் பதிந்த தோமஸ் லொயிட் முழு அறிக்கை தருவதாக விளம்பரஞ் செய்தார். 1788 இல் அவர் வெளியிட்ட தொகுதியிலோ யாப்பை ஆதரித்த ஜேம்ஸ் வில்சன், தோமஸ் மக்கீன் ஆகிய இருவரின் பேச்சுக்களே இருந்தன. எதிர்த்தோரின் குரல் அச்சுக்கூடத்து வாயிலிலேயே அடைக்கப்பட்டது. ‘பெடரலிஸ்ற்’ கட்டுரைகள் 85 உம் நியூயோர்க் வாக்காளரை இணங்கவைக்கும் பொருட்டுப் பத்திரிகைகளில் எழுதப்பட்ட பிரசாரம் என்பதும் பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. பிரசாரம் என்பதனால் அவை மதிப்பிழப்பதில்லை. ஆனால் ஒரு தரப்பின் வாதத்தை நடுவர் தீர்ப்பாகக் கொள்ளுதல் பேதைமை. யாப்பினை எதிர்த்தோரின் எழுத்துக்களை ஹேபேட் ஸ்ரோறிங் தொகுத்த ஏழு தொகுதிகள் 1981 இலேயே வெளிவந்தன. ஏற்புறுதியின் ஆவண வரலாறு என்னும் பெருந்தொகுப்பு 1976 முதலே வெளிவரத் தொடங்கியது. இவை வெளிவந்த பின்னரும் எலியற்றை மட்டும் எடுத்தாளுவோருக்கு அறியாமையைச் சாட்டாகக் கூற இயலாது, அது சோம்பலே.

மூலத்தை விசாரியாது ஏற்பதால் விளையும் கேட்டிற்கு சார்ள்ஸ் பிங்னியின் கதை சிறந்த எடுத்துக்காட்டு. தென் கரோலினாவைச் சேர்ந்த இவர் 1787 இல் மாநாட்டின் முன் யாப்புத் திட்டம் ஒன்றைச் சமர்ப்பித்தார். அதன் படி கிடைக்காமையால், பதிவேட்டைப் பதிப்பித்த ஜோன் குவின்சி அடம்ஸ் 1818 இல் அவரிடமே கேட்டெழுதினார். பிங்னி அனுப்பிய தாள் இறுதியாக நிறைவேறிய யாப்புடன் வியக்கத்தக்க ஒற்றுமை உடையதாயிருந்தது! நெடிய விவாதங்களின் பின்னரே உருப்பெற்ற விடயங்கள் அதிலே முதல் நாளிலேயே இடம்பெற்றிருந்தன. மாநாட்டிற் பிங்னி எதிர்த்துப் பேசிய ஏற்பாடுகளும் அதிற் காணப்பட்டன. இம்முரணை மடிசனே சுட்டிக்காட்டினார். பின்னர் ஜே. பிராங்ளின் ஜேம்சன் முதலிய வரலாற்றாசிரியர்கள் அத்தாள் 1787 ஆம் ஆண்டிற்குரிய திட்டமன்று என நிறுவினர். மக்ஸ் பரண்ட் 1911 இல் வெளியிட்ட மாநாட்டுப் பதிவுகளின் பதிப்பும் அதனை ஏற்கவில்லை. எனினும், மாநிலச் சட்டசபைகளுக்குத் தேர்தல் விடயத்தில் மாநில நீதிமன்றங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத அதிகாரம் உண்டு எனக் கோரிய மூர் எதிர் ஹாப்பர் வழக்கிலே, வட கரோலினாச் சட்டசபைத் தலைவர்களின் தரப்பு அதே 1818 ஆம் ஆண்டுத் தாளினைச் சான்றாக உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தது. 2023 யூனில் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையால் அக்கோரிக்கையை நிராகரித்தது. கோடிக்கணக்கான மக்களின் வாக்குரிமையைத் தொடும் வழக்கொன்றிலே, நூறாண்டுகளுக்கு முன்னரே பொய்யென ஒதுக்கப்பட்ட தாள் மீண்டும் உயிர்பெற்று உலவியமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

பதினான்காம் திருத்தத்தின் வரலாறும் இத்தகையதே. விடுதலை பெற்ற அடிமைகளின் உரிமையைக் காக்கும் பொருட்டு 1868 இல் நிறைவேறியது அத்திருத்தம். 1882 இல் புகையிரதக் கம்பனி ஒன்றின் சார்பில் வாதாடிய றொஸ்கோ கொங்ளிங், திருத்தத்தை வரைந்த கொங்கிரஸ் குழுவிலே தாமும் ஓர் உறுப்பினர் என்ற தகுதியுடன், அச்சேறாத குழுப் பதிவேடொன்றைக் கையிலேந்தி, ‘ஆள்’ என்ற சொல் கூட்டுத்தாபனங்களையும் உள்ளடக்கவே தெரிவு செய்யப்பட்டது என்ற எண்ணத்தை நீதியரசர் மனத்தில் விதைத்தார். அப்பதிவேடு 1914 இல் முழுமையாக அச்சேறியது. 1938 இல் அதனை ஒப்புநோக்கிய ஹோவாட் ஜே கிரகம், கொங்ளிங் அதனைத் திரித்துக் காட்டினார் என வெளிப்படுத்தினார். இதனிடையே 1886 இல் சான்ரா கிளாரா வழக்கின் தீர்ப்பு வந்தது. கூட்டுத்தாபனங்கள் அத்திருத்தத்தின்படி ஆட்களே எனப் பிரதம நீதியரசர் வெயிற் வாதத்தின் தொடக்கத்திற் கூறினார் என்ற குறிப்பினை, தீர்ப்பறிக்கையாளரான பான்குறொவ்ற் டேவிஸ் தீர்ப்பின் முன்னே சேர்த்தார். தீர்ப்பின் உடலிலோ யாப்புப் பிரச்சினை தீர்க்கப்படவேயில்லை. அக்குறிப்பைச் சேர்ப்பதா விடுவதா என்பதை வெயிற் அறிக்கையாளரின் விருப்பத்திற்கே விட்டிருந்தார் என்பதை அவ்விருவரின் கடிதங்கள் காட்டுகின்றன. தலைக்குறிப்பு நீதிமன்றத்தின் வாக்கன்று என 1906 இல் அதே நீதிமன்றம் ஒரு வழக்கிற் கூறியுங்கூட, அதற்குள் அக்குறிப்பு சட்டமாகவே வழங்கத் தொடங்கிவிட்டது. அடிமைத்தளையிலிருந்து மீண்டோருக்காக வரையப்பட்ட காப்பு, 1896 இன் பிளெசி வழக்கிலே அவர்களுக்குக் கைகொடுக்காது போக, புகையிரதக் கம்பனிகளுக்குக் கவசமாயிற்று. மூலங்களின் விமரிசனம் ஏட்டுப் புலமை சார்ந்த பொழுதுபோக்கு என்போர் இதற்கு விடை பகர வேண்டும்.

நீதிமன்றங்கள் வழக்கினைத் தீர்த்தாக வேண்டும், வரலாற்றாசிரியர் தம் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளும் வரை அவை காத்திருக்க இயலாது, ஆகவே கிடைத்த சான்றைக் கொண்டு முடிவெடுத்தல் தவிர்க்கவொண்ணாதது என்பர் சட்ட அறிஞர். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், 1953 இல் பிறவுண் வழக்கின் மறுவிசாரணைக்காகக் கறுப்பின மக்கள் தரப்பு வழக்கறிஞருக்கு உதவிய வரலாற்றாசிரியர்களுள் ஒருவரான அல்பிரட் கெலியே, 1965 இல் எழுதிய கட்டுரையில், வாதத்திற்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் ‘வழக்கறிஞர் அலுவலக வரலாறு’ என்னும் போக்கினைக் கடுமையாகச் சாடினார் என்பது நோக்கற்பாலது. அவ்வழக்கின் 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்போ, பதினான்காம் திருத்தத்தின் வரலாற்று மூலங்கள் முடிந்த முடிபினைத் தருவனவல்ல என நேர்மையாக ஒப்புக்கொண்டு, பிற நியாயங்களின் மேல் நின்றது. மூலம் விடை தராவிடத்துத் தரவில்லை என்று கூறும் துணிவே நீதிமன்றத்திற்கும் அழகு.

அத்துணிவு குன்றியதன் விளைவு அண்மைக் காலத்திற் காணப்பட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நாட்டின் வரலாற்று மரபுடன் இயைதல் வேண்டும் என 2022 இல் புறுவன் வழக்கிலே உயர் நீதிமன்றம் விதித்தது. இரு தரப்பாரும் முன்வைக்கும் வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டே கீழ் நீதிமன்றங்கள் முடிவெடுக்கலாம் எனவும் கூறியது. மறு ஆண்டே, குடும்ப வன்முறைத் தடையுத்தரவுக்கு உட்பட்டவன் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம், பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கிணையான சட்டம் இல்லையென்ற காரணங் கூறப்பட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றினாற் செல்லாதெனப்பட்டது. கணவனின் கொடுமையிலிருந்து மனைவியைக் காப்பதைச் சட்டம் பெரிதும் பொருட்படுத்தாத ஒரு காலத்தின் ஏடுகளிலே அதற்கான சட்டத்தைத் தேடிக் காணவில்லை என்பது ஒரு சான்றா? அது மூலத்தின் மௌனம். மௌனத்தைத் தீர்ப்பாக்கியமையே தவறு. 2024 இல் றகிமி வழக்கிலே உயர் நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையால் அம்முடிபை மாற்றிச் சட்டத்தைக் காத்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பணயம் வைக்கப்பட்டது பெண்களின் உயிர் என்பதை மறத்தலாகாது.

இவற்றையெல்லாங் கண்டு, மூலங்கள் அனைத்தும் பழுதுடையன, ஆகவே யாப்பு வரலாறு என்பதே அவரவர் அரசியலின் போர்வை என முடிவு கட்டுவாரும் உளர். முன்னவரின் மூடநம்பிக்கைக்கு இவரின் அவநம்பிக்கை மாற்றாகாது. மடிசனின் குறிப்புக்கள் 1840 இல் வெளிவந்தபோது, வெண்டல் பிலிப்ஸ் அவற்றிலிருந்து பகுதிகளைத் திரட்டி, யாப்பு அடிமைமுறைக்குச் செய்துகொடுக்கப்பட்ட ஒப்பந்தமே என 1844 இல் நிறுவ முற்பட்டார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1860 இல் கிளாஸ்கோ நகரிற் பேசுகையில் அதனை மறுத்தார்: மூடிய அறையிற் பேசப்பட்டு, அரை நூற்றாண்டின் பின் வெளிவந்த பேச்சுக்கள் யாப்பாகா, மக்கள் ஏற்றுக்கொண்டது எழுதப்பட்ட வாசகத்தையே என்பது அவரது வாதம். இருவரில் எவர் கூற்று சரியென்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஆனால் எந்த மூலத்திற்கு எவ்வளவு அதிகாரம் என்ற வினாவை டக்ளஸ் எழுப்பினார். அது அவநம்பிக்கையன்று, விமரிசனம்.

மூலங்களின் எல்லையினை விரித்தலும் அவ்விமரிசனத்தின் கூறே. பிலடெல்பியாவிற் கூடிய 55 பேருள் ஒரு பெண்ணோ ஒரு கறுப்பரோ இல்லை. 1830 முதல் கறுப்பின மக்கள் தாமே கூட்டிய மாநாடுகளின் அறிக்கைகள் யாப்பு விளக்கத்தின் வளமிக்க மூலங்கள். அவை பாடநூல்களில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுதல் அரிது. மறுபுறம், நீதியரசரின் தனித்தாள்கள் அவர்தம் சொந்த உடைமையாகக் கருதப்படுகின்றன. ஹியூகோ பிளக் தம் கலந்தாலோசனைக் குறிப்புக்களை எரிக்கச் செய்தார். தேகூட் மார்ஷலின் தாள்கள் 1993 இல் அவர் மறைந்தவுடன் திறக்கப்பட்டன; 2025 இல் மறைந்த டேவிட் சூட்டரின் தாள்களோ மறைவின் பின் 50 ஆண்டுகள் மூடிக்கிடக்கும். மக்களின் பெயரால் தீர்ப்பு வழங்கும் மன்றத்தின் ஆவணங்கள் தனியாரின் விருப்பிற்குட்பட்டிருத்தல் கண்டனத்திற்குரியது. எஞ்சியவை தற்செயலாக எஞ்சியவை என்பதை ஆய்வாளன் உணர்தல் வேண்டும்.

மூலங்கள் எட்டாத தொலைவிலுள்ளன என்ற சாட்டும் இன்று செல்லாது. மடிசன், ஹமில்ற்றன் முதலியோரின் எழுத்துக்களை அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடம் 2013 முதல் இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றது. பழைய கொங்கிரஸ் விவாதங்களையும் பரண்டின் தொகுதிகளையும் கொங்கிரஸ் நூலகம் அவ்வாறே வழங்குகின்றது. 1955 முதல் ஒலிப்பதிவான உயர் நீதிமன்ற வாதங்களையும் எவரும் எங்கிருந்தும் கேட்கலாம். நூலின்மை ஆய்வுக்குத் தடையாயிருந்த காலம் கழிந்தது. ஆனால், சொல்லொன்றைத் தட்டியதும் ஆயிரம் மேற்கோள்கள் வந்து குவியும் இக்காலத்திலே, பொறுக்கியெடுக்கும் நோய் முன்னையினும் எளிதிற் பரவும். தேடுகருவி மேற்கோளைத் தரும். அது பிங்னி 1787 இல் எழுதியதா, 1818 இல் எழுதியதா என்பதைத் தானே முன்வந்து சொல்லாது. அதனைக் கேட்க வேண்டியவன் ஆய்வாளன். அவன் கேளாதுவிடின், வாக்குச் சாவடியிலும் நீதிமன்றத்திலும் வீட்டினுள்ளும் அதன் விலையைச் செலுத்துவோர் பிறரே.