கவிதை யாருக்குச் சொந்தம்?

கவிதை படிப்பார் இல்லை என்பது கவிஞர்களின் முறையீடு. விளங்கும்படி எழுதுவார் இல்லை என்பது மக்களின் முறையீடு. இவ்விரு முறையீடுகளும் ஒன்றுக்கொன்று துணை நின்று, இரு தரப்பாரின் சோம்பலையும் நெடுங்காலமாகக் காத்து வருகின்றன. அமெரிக்க நாட்டில் இவ்விரு தரப்பாரையும் அஞ்சாமல் கடிந்துகொண்ட கவிஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் டேனா ஜோயா. கவிஞர், கட்டுரையாளர், கத்தோலிக்கர். அவரைப் பாராட்டுவோரும் பழிப்போரும் அவர் சொன்னதில் தமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். வசதியற்ற பகுதியே நமக்குரியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜோயா 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கலிஃபோர்னியா மாநிலத்தின் ஹாதார்ன் நகரில் பிறந்தார். தந்தைவழி சிசிலியர், தாய்வழி மெக்சிக்கர். தந்தை வாடகைக் கார் ஓட்டியவர். தாய் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியாளர். உயர்கல்வி பெறாத அந்தத் தாய் வீட்டு வேலைகளுக்கிடையே தமக்குப் பிடித்த கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லுவார். வணிகக் கப்பலில் பணிபுரிந்த தாய்மாமன் ஒருவர் 1955-இல் விமான விபத்தில் இறந்தபோது, அவர் சேர்த்து வைத்திருந்த பல மொழி நூல்கள் அக்குடும்பத்தின் பொறுப்பில் தங்கின. உழைப்பாளர் வீட்டில் ஒரு நூலகம்! கவிதை கற்றோருக்கு மட்டுமே உரியது என்று அவ்வீட்டில் எவரும் அச்சிறுவனுக்குச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் கேட்டது பின்னர் பல்கலைக்கழகத்தில்தான்.

ஸ்டான்ஃபர்டில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் ஒப்பிலக்கியம் பயின்றார். எலிசபெத் பிஷப், ராபர்ட் ஃபிட்சரால்ட் ஆகிய பெருங்கவிஞர்கள் அவருக்கு ஆசிரியர்கள். அடுத்த படி பேராசிரியர் நாற்காலி என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, அவர் வணிக மேலாண்மை படிக்கச் சென்றார். 1977-இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, குழந்தைகள் விரும்பும் ஜெல்லி உள்ளிட்ட உணவுப் பொருள்களின் விற்பனையைக் கவனித்து, துணைத்தலைவராக உயர்ந்தார். பகலெல்லாம் அலுவலகம், இரவில் கவிதை. தாம் கவிஞர் என்பதை உடன் பணியாற்றுவோரிடம் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். 15 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1992-இல்தான் வேலையைத் துறந்து முழுநேர எழுத்துக்கு வந்தார்.

இங்கே முதல் குற்றச்சாட்டு எழுகிறது: வணிகத்துக்கு விலைபோனவன் எப்படிக் கவிஞனாவான்? இக்கேள்வியைக் கேட்போர் வரலாற்றை மறந்தவர்கள். டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை இலண்டனில் வங்கி ஊழியர். வாலஸ் ஸ்டீவன்ஸ் இறக்கும்வரை காப்பீட்டு நிறுவன அதிகாரி. நாம் இன்னும் தொலைவுக்குச் செல்லலாம். கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்த பவுலின் நற்செய்திப்பணி அதனால் மாசுபட்டதா? கையால் உழைத்து உண்டவர் என்பதே அவருடைய உரிமைப் பேச்சுக்கு அரணாயிற்று. ஜோயாவின் நிலையும் அத்தகையதே. எந்த விமர்சகரின் தயவும் அவருக்குச் சோறு போடவில்லை. எனவே எந்த விமர்சகருக்கும் அவர் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துணிவில் எழுந்ததே 1991 மே மாதம் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்த 'கவிதைக்கு இனிப் பொருளுண்டா?' என்று வினவும் கட்டுரை. அமெரிக்காவில் கவிதை நூல்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் வெளிவருகின்றன. கவிதை எழுதக் கற்பிக்கும் துறைகள் பெருகியுள்ளன. பரிசுகளும் நல்கைகளும் குவிகின்றன. ஆயினும் பொதுமக்களின் வாழ்வில் கவிதைக்கு இடமில்லை. ஏன்? கவிஞர்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் குடியேறி, ஒருவருக்கொருவர் எழுதி, ஒருவரையொருவர் பாராட்டி வாழப் பழகிவிட்டனர் என்றார் ஜோயா. மக்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு பாடகர் குழு தனக்குத்தானே பாடும் ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டு இனிமையாக இருக்கலாம். அது வழிபாடு ஆகுமா?

அவர் கூறிய மருந்தும் எளியது. கவியரங்கில் தன் கவிதையோடு பிறர் கவிதையையும் வாசிக்க வேண்டும். நண்பர் நூலாயினும் நேர்மையாக மதிப்பிட வேண்டும். தொகுப்பாளர் தாம் மெய்யாகவே விரும்பும் கவிதைகளை மட்டும் தொகுக்க வேண்டும். ஆசிரியர் பகுத்தாய்வதைக் குறைத்து, வாய்விட்டுச் சொல்லுவதை மாணவரிடம் வளர்க்க வேண்டும். இதற்கு எதிராகத் துறைசார்ந்தோர் பலர் வெகுண்டனர். இத்தனை நூல்கள் வரும்போது கவிதை நலிந்தது என்பது எங்ஙனம் என்றனர். நூல்களின் எண்ணிக்கை வாசகர்களின் எண்ணிக்கை ஆகாது என்பதே விடை. பந்தியில் இலைகள் போடப்பட்டதைக் கொண்டு பசியாறினோரைக் கணக்கிட முடியுமா?

இரண்டாம் குற்றச்சாட்டு, அவர் யாப்பையும் இயைபையும் மீட்க முயன்ற பழமைவாதி என்பது. யாப்பில் எழுதுபவன் அரசியலிலும் பிற்போக்காளன் என்று சில விமர்சகர்கள் முடிவுகட்டினர். இது வாதமன்று, பட்டம் சூட்டுதல். சந்தமும் இயைபும் யாருடைய உடைமை? தாலாட்டின் உடைமை, ஒப்பாரியின் உடைமை, ஆலயப் பாடலின் உடைமை. அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர் வளர்த்த ராப் இசையும், மேற்கு மாநில மாட்டிடையர் பாடல்களும் சந்தத்தின்மேல் நிற்பதை ஜோயா எடுத்துக்காட்டினார். படித்தவர்கள் கைவிட்டதைப் பாமரர்கள் கைவிடவில்லை.

வடிவம் எதற்கு என்பதை அவர் நூல்களில் மட்டும் கற்கவில்லை. 1987-இல் அவருடைய முதல் மகன் நான்கு மாதக் குழந்தையாகத் திடீரென இறந்தான். 1991-இல் வெளிவந்த அவருடைய இரண்டாம் கவிதைத் தொகுப்பு அம்மகனுக்கே உரித்தாக்கப்பட்டது. முதல் மகன் பிறந்தால் தந்தை ஒரு மரம் நடுவது சிசிலியர் வழக்கம். அவ்வழக்கை நினைந்து, இறந்த மகனுக்காகச் செக்கோயா மரக்கன்று ஒன்றைத் தாமும் தம் உடன்பிறந்தாரும் நடுவதை ஒரு கவிதையில் பாடினார். பல நூற்றாண்டுகள் வாழும் மரம். நான்கு மாதமே வாழ்ந்த பிள்ளை. சாவு வீட்டில் செபமாலை சொல்லும்போது எவரும் புதுச் சொல் தேடுவதில்லை. முன்னோர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்களே நம்மைத் தாங்குகின்றன. தாங்க இயலாத துயரத்துக்குக் கைப்பிடி கொடுப்பது வடிவம். அதை ஆடம்பரம் என்போர் இன்னும் எவரையும் அடக்கம் செய்யாதவர்களாக இருக்க வேண்டும்.

2003 முதல் 2009 வரை அவர் அமெரிக்க அரசின் தேசியக் கலை நல்கை அமைப்பின் தலைவராக இருந்தார். 2004-இல் அவ்வமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை நாட்டையே திடுக்கிடச் செய்தது. கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றுள் எதையேனும் ஓராண்டில் படித்த வயதுவந்தோர் 1982-இல் 56.9 விழுக்காடு, 2002-இல் 46.7 விழுக்காடு. மாணவர்கள் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லும் நாடளாவிய போட்டி அவர் காலத்தில்தான் தொடங்கிற்று. 2008-ஆம் ஆண்டுக் கணக்கில் அவ்விழுக்காடு 50.2 ஆக ஏறியது. அந்த ஏற்றத்தைத் தனியொரு மனிதரின் கணக்கில் எழுதுவது மிகை. ஆனால் வீழ்ச்சியைக் கண்டு புலம்பாமல் பள்ளிக்கூடத்தின் வாயிலுக்குச் சென்றவர் அவர்.

அவர் வாழ்வில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. ஈராக் போரை நடத்திய அரசின் கீழ், படைவீரர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை 2004-இல் தொடங்கியபோது, கலை அரசின் ஊதுகுழலாகலாமா என்று கேட்டவர்களின் அச்சம் வெறும் அச்சமன்று. வளாகக் கவிஞர்களைக் கடிந்தவர் 2011-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானதும் நகைப்புக்கு இடமளித்தது. எனினும் அவர் பல்கலைக்கழகத்தைப் பகைத்தவரல்லர்; கவிதைக்கு அது ஒன்றே வீடு என்பதைத்தான் பகைத்தார். கலிஃபோர்னியாவின் அரசவைக் கவிஞராக 2015 முதல் 2018 வரை இருந்தபோது மாநிலத்தின் 58 மாவட்டங்களுக்கும் நேரில் சென்று கவிதை வாசித்தார். சொல்லும் செயலும் அங்கே ஒன்றின.

இனி நம்மைச் சுடும் பகுதி. 2013 டிசம்பரில் 'இன்றைய கத்தோலிக்க எழுத்தாளர்' குறித்து அவர் ஒரு நெடுங்கட்டுரை வரைந்தார். அமெரிக்க மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கை நெருங்கும் ஒரு சமயத்தார் அந்நாட்டுக் கலை உலகில் ஏறக்குறையக் காணாமற்போனது எப்படி என்பது கேள்வி. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. வாக்கர் பெர்சி 1962-இலும் ஜே. எஃப். பவர்ஸ் 1963-இலும் தேசிய நூல் விருது பெற்றனர். ஃப்ளானரி ஓ'கானரை நாடே படித்தது.

இக்கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு, உலகம் நம்மை ஒதுக்குகிறது, பத்திரிகைகள் நம்மைப் புறக்கணிக்கின்றன என்று முழங்கும் கத்தோலிக்கர் பலர் அங்கே தோன்றியுள்ளனர். அவர்கள் கட்டுரையின் ஒரு பாதியைத்தான் படித்தார்கள் போலும். புறக்கணிப்பை ஜோயா மறுக்கவில்லை. ஆனால் கலையை முதலில் கைவிட்டவர்கள் கத்தோலிக்கரே என்றார். அழகைத் தேவையற்ற செலவாக எண்ணி, ஆலயக் கட்டடம் முதல் பாடல்வரை மலிவானதைக் கொண்டு மனநிறைவு அடைந்தது உலகமா, நாமா? நம் எழுத்தாளனின் நூலை வாங்காதவர் நாம். அவன் எழுதவில்லையே என வருந்துபவரும் நாம்!

ஆனால் ஜோயாவிடமும் ஒரு வாதம் எனக்கு உண்டு. அவர் போற்றும் அந்தப் பொற்காலத்தின் நிழலையும் நாம் காண வேண்டும். ஓ'கானர் 1956 முதல் 1964-இல் தம் 39-ஆம் வயதில் இறக்கும்வரை ஜார்ஜியா மாநிலத்தின் கத்தோலிக்கச் செய்தித்தாள்களில் நூல் மதிப்புரை எழுதி வந்தார். நோயுற்ற உடலோடு, நூறுக்கு மேற்பட்ட நூல்களைச் சாதாரணப் பங்குமக்களுக்கு அறிமுகம் செய்தார். அவருக்கு வந்த மறுமொழி என்ன? பக்தர்கள் மனம் குளிரும் கதை எழுதக்கூடாதா என்ற முணுமுணுப்பு. பாவத்தையும் வன்முறையையும் ஊடுருவும் அருளை அவர் எழுதினார். வாசகர்கள் சர்க்கரைப் பாகு கேட்டனர். ஆக, பெரிய எழுத்தாளர்கள் இருந்த காலத்திலேயே பெரிய வாசகர்கள் குறைவு. எழுத்தாளர் மறைந்த பின் வெறுமை தெரிகிறது. வெறுமை முன்பே இருந்தது. எனவே, புதிய ஓ'கானர் எப்போது வருவார் என்று கேட்பதைவிட, வந்தால் படிக்க யார் இருக்கிறோம் என்று கேட்பதே நேர்மை.

அன்பர்களே, கவிதை யாருக்குச் சொந்தம்? பட்டம் பெற்றவருக்கன்று; பரிசு பெற்றவருக்குமன்று. நெஞ்சில் வைத்திருப்பவருக்கே அது சொந்தம். மலைநாட்டு வீடொன்றில் நின்று இறைவனைப் போற்றிய நாசரேத்துப் பெண்ணின் பாடலில், பல நூற்றாண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்று மகிழ்ந்த அன்னாவின் பாடல் எதிரொலிக்கிறது. பழம்பாடலை நெஞ்சில் தாங்கிய ஓர் எளிய பெண்ணிடமிருந்துதான் புதுப்பாடல் பிறந்தது. தொலைபேசி நிலையத்தில் உழைத்துக் களைத்து வந்து மகனுக்குக் கவிதை சொன்ன ஒரு தாயிடமிருந்து ஒரு கவிஞர் பிறந்தார். உலகம் நம்மைப் படிக்கவில்லை என்று முறையிடுமுன், நம் பிள்ளைகள் கேட்க நாம் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கவிதை ஒன்றேனும் உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். இல்லையெனில், முறையிடும் உரிமையும் நமக்கு இல்லை.