வடிவமைப்புக் கணினியும் மூலதனமே

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. வீட்டுக் கணினிக்கு இது சிறு தொல்லை. ஓசூர், சூளகிரி, பேரிகை வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகளுக்கோ இது எதிர்பாராத மூலதனச் செலவு. 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறா. கட்டணம் செலுத்தி நீட்டிக்கலாம் என்றால், நிறுவனங்களுக்கு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர். பிறகு ஆண்டுதோறும் இருமடங்கு. மூன்றாண்டுக்கு 427 டாலர் கொடுத்தும் கையில் இருப்பது அதே பழைய கணினிதான்.

புதிதாக வாங்கவும் இது நல்ல வேளையன்று. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்வதால் 2025-இன் இறுதியில் அவற்றின் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் நுகர்வோருக்கான தனது 'குரூஷியல்' விற்பனையையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. வடிவமைப்புக் கணினிக்குத் தேவைப்படுவதோ மிகுதியான நினைவகம்.

ஆயினும் சிறு ஆலைக்கு உண்மையான நெருக்கடி வருவது வாடிக்கையாளரிடமிருந்து. பெரிய நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறினால், அதில் உருவான கோப்பைப் பழைய பதிப்பில் பெரும்பாலும் திறந்து திருத்த முடியாது. பொதுவடிவக் கோப்பாகப் பெற்றால் உருவம் வரும்; அது உருவான படிநிலைகள் வாரா. எனவே உதிரிபாகம் தருபவரும் மென்பொருளை மாற்ற வேண்டும்; மென்பொருளுக்காகக் கணினியை மாற்ற வேண்டும். முடிவு ஓரிடத்தில், செலவு வேறிடத்தில்.

மாறாமல் இருந்தால் என்ன? அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றைச் சூழ்ந்து வளர்ந்த ஓசூரின் சிறுதொழில்களில் பல, வந்த வரைபடத்தைக் கடைந்து கொடுக்கும் கூலிவேலையிலேயே நிலைகொண்டவை. மின்வாகனம் அந்த ஏற்பாட்டைக் கலைக்கிறது. ஏதர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளி அருகிலும் உற்பத்தி செய்கின்றன. மின்கலப் பெட்டிக்கும் மோட்டார் உறைக்கும் வெப்பமும் அதிர்வும் கணித்துச் சொல்லும் ஆலைக்கே அடுத்த வாய்ப்பு. அது இயலாதவருக்குக் கூலி மட்டுமே மிஞ்சும்.

அதற்காக எல்லாக் கணினிகளையும் மாற்ற வேண்டியதில்லை. முப்பரிமாண உருவரைவு பெரிதும் ஒற்றைக் கருவின் வேகத்தையே நம்பியிருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த பல்கருச் செயலி வீண். உருவகப்படுத்தலுக்குத்தான் பல கருக்களும் பெரும் நினைவகமும் தேவை. பத்துப் பொறியாளருக்கு அத்தகைய கணினி ஒன்றிரண்டே போதலாம். விலைப்பட்டியலுக்கு முன் காத்திருப்பைக் கணக்கிடுவது நல்லது. மாதம் 50,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக் காத்திருந்தால், ஆண்டுக்கு 75,000 ரூபாய் வீண். இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

கணினி விரைவில் மூப்படைவதை வருமான வரிச் சட்டம் அறிந்திருக்கிறது: பொதுவான இயந்திரங்களுக்கு 15 விழுக்காடு தேய்மானம், கணினிக்கும் மென்பொருளுக்கும் 40. விரைவில் மதிப்பிழக்கும் பொருளைப் பிணையாக ஏற்க வங்கி தயங்குவதும் அதே காரணத்தால்தான். கடைசல் இயந்திரத்துக்குக் கிடைக்கும் கடன் இதற்கும் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. டஸ்ஸோ, சீமன்ஸ் நிறுவனங்களுடன் இணைந்து தமிழக அரசு 2022-இல் தொடங்கிய திறன்மிகு மையங்கள் சென்னை டைடல் பூங்காவில் உள்ளன. பேரிகையிலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர். உருவகப்படுத்தலுக்கான உயர்திறன் கணினிகளையும் உரிமம் பெற்ற மென்பொருளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் பொதுக்கூடம் ஒன்று ஓசூர் சிப்காட்டிலேயே அமையட்டும்.

பெரிய நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது மானியமன்று. பதிப்பு மாற்றத்தை ஓராண்டு முன்னதாக எழுத்தில் அறிவிப்பதும், அதன் செலவில் ஒரு பங்கை உதிரிபாக விலையில் ஏற்பதும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இடம்பெறலாம்.