கைத்திறனா, கணக்குத்திறனா?



இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் செய்தி நம் பக்கங்களில் அதிகம் இடம்பெறாத ஒன்று. கார்ப் பந்தயம்! "இதில் நமக்கென்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவு உணவையும் மறந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, எந்த ஓட்டுநர் பெரியவர், எந்த அணியின் வியூகம் சிறந்தது என்று குரல் உயர்த்தி வாதிடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அத்தகைய வாதம் ஒன்று என் குடும்பத்தில் இரண்டு இளைஞர்களை ஏறக்குறைய ஐந்து மாதகாலம் பேசாமல் பிரித்து வைத்தது. அந்தக் குற்றத்தில் எனக்கும் ஒரு பங்குண்டு. ஆகவேதான் எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, என் தம்பியின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தோம். தம்பி மகன், தன் வாப்பா தொடங்கி வைத்த கடையை இப்போது கவனித்து வருபவன், ஹாமில்டனின் ரசிகன். என் தங்கை மகன் வளைகுடாவில் பணிபுரிபவன், விடுமுறையில் வந்திருந்தான். அவன் வெர்ஸ்டாப்பனின் ரசிகன். மச்சான்மார் இருவரும் சிறுவயது முதல் ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள்.

அன்று அபுதாபியில் அவ்வாண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். லூயிஸ் ஹாமில்டன், மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் இருவரும் 369.5 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றார்கள். முந்துபவருக்கே உலகப் பட்டம்!

மொத்தம் 58 சுற்றுகள். தொடக்கத்திலேயே முந்திச் சென்ற ஹாமில்டன், பந்தயத்தின் பெரும்பகுதியைத் தம் கைக்குள் வைத்திருந்தார். 53ஆம் சுற்றில் நிக்கோலஸ் லத்தீஃபி என்பவரின் கார் சுவரில் மோதியது. உடனே பாதுகாப்புக் கார் களத்துக்குள் வந்தது. அது முன்னே செல்லும்வரை யாரும் யாரையும் முந்தக்கூடாது. எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக மெதுவாகச் செல்ல வேண்டும். இந்த இடைவேளையில் வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணி அவரை உள்ளே அழைத்துப் புதிய மென்டயர்களைப் பூட்டி அனுப்பியது. ஹாமில்டனின் மெர்சிடிஸ் அணிக்கோ தர்மசங்கடம்! அவரை உள்ளே அழைத்தால் முதலிடம் பறிபோகும். மீதிச் சுற்றுகள் பாதுகாப்புக் காரின் பின்னாலேயே முடிந்துவிட்டால் பட்டமும் போகும். எனவே தேய்ந்த வன்டயர்களோடு அவரை வெளியிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

இருவருக்கும் இடையே, ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள் இருந்தன. களத்தில் அவ்வாறு பின்தங்கியவை மொத்தம் எட்டு. பந்தய இயக்குநர் இடையில் நின்ற ஐந்தை மட்டும் விலகிச் செல்ல அனுமதித்து, கடைசி ஒரு சுற்றுக்குப் பந்தயத்தை மீண்டும் தொடங்கிவைத்தார். புதிய டயர் எங்கே, பழைய டயர் எங்கே! அந்த ஒரே சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், உலக வீரரானார்.

கூடத்தில் இடி விழுந்தது போலாயிற்று. "இது பட்டமல்ல, திருட்டு!" என்றான் கடைக்காரன். "அணியின் சாமர்த்தியத்தைத் திருட்டு என்பதா?" என்றான் மற்றவன். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெரியவனாக இருந்து அமைதிப்படுத்தியிருக்க வேண்டும். மாறாக, சிரித்துக்கொண்டே இருபுறமும் எண்ணெய் ஊற்றினேன். வாதம் தடித்தது. இறுதியில் தங்கை மகன் சொன்னான்: "உன் ஆள் ஏழு முறை பட்டம் வென்றதும் காரின் தயவால்தான். வாப்பா வைத்துக் கொடுத்த கடையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அதுதான் திறமையாகத் தெரியும்!"

கூடம் ஊமையாயிற்று. தம்பி மகன் எழுந்து உள்ளே சென்றான். அன்று வைத்த சோறு அப்படியே ஆறிப்போனது.

வாசகர்களே! அவர்கள் எழுப்பிய கேள்வி அற்பமானதன்று. வெற்றி ஓட்டுபவனுடையதா, அவனுக்குக் காரும் கணக்கும் வகுத்துக் கொடுத்தவர்களுடையதா? பந்தய ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொள்ளும் கேள்வி இது. சில நிகழ்ச்சிகளை எடுத்து வைத்துப் பார்ப்போம்.

கணக்கு தவறியபோது...

1957 ஆகஸ்ட் 4. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களம். ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கும் மேல். மலைக்காடுகளுக்கிடையே நெளிந்து செல்லும் அபாயமான பாதை. அர்ஜென்டினாவின் ஃபாங்கியோவுக்கு அப்போது வயது 46. அவருடைய மஸராட்டி அணி ஒரு திட்டம் வகுத்தது. பாதித் தொட்டி எரிபொருளுடன் இலேசாகப் புறப்பட்டு, வேகமாக ஓடி, நடுவில் ஒருமுறை நின்று எரிபொருளும் டயரும் மாற்றுவது. எதிரணியான ஃபெராரியின் ஹாத்தார்னும் காலின்ஸும் எங்கும் நிற்காமல் ஓடும் திட்டத்தில் இருந்தார்கள்.

திட்டம் அழகானதுதான். ஆனால் நின்ற இடத்தில் எண்ணியதைவிட நேரம் வீணானது. சேர்த்து வைத்த முன்னிலை முழுவதும் கரைந்து, முக்கால் நிமிட அளவு பின்தங்கியே ஃபாங்கியோ வெளியே வந்தார். அதன்பின் அவர் ஓட்டிய ஓட்டம்! சுற்றுக்குச் சுற்று களத்தின் சாதனையை முறியடித்தார். தகுதிச் சுற்றில் தாம் எடுத்த நேரத்தைவிட 8 வினாடிக்கும் மேல் விரைவாக ஒரு சுற்றை முடித்தார். கடைசிக்கு முந்திய சுற்றில் இருவரையும் முந்தி வென்றார். ஐந்தாம் முறையாக உலகப் பட்டமும் உறுதியாயிற்று. கணக்கு கைவிட்ட இடத்தில் கைத்திறன் காப்பாற்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கணக்கு கைகொடுத்தபோது...

அவசரப்பட வேண்டாம். 1998 ஆகஸ்ட் 16, ஹங்கேரி நாட்டுப் பந்தயத்தையும் பாருங்கள். புடாபெஸ்ட் நகருக்கு அருகிலுள்ள அந்தக் களம் குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. முன்னே செல்பவரை முந்துவது மிகக் கடினம். மக்லாரன் அணியின் இரு கார்களும் முதல் இரண்டு இடங்களிலிருந்து புறப்பட்டன. ஃபெராரியின் ஷூமாக்கர் மூன்றாவது. களத்தில் முந்த முடியாதவரைக் கணக்கில் முந்தலாம் என்று முடிவு செய்தார் ஃபெராரியின் வியூக நிபுணர் ராஸ் பிரான். மற்றவர்கள் இரண்டு முறை நிற்க, ஷூமாக்கரை மூன்று முறை நிறுத்துவது என்று பந்தயத்தின் நடுவே திட்டத்தை மாற்றினார்.

கூடுதலாக ஒருமுறை நின்றால் நேரம் நட்டமாகாதா? ஆகும். ஆனால் அன்று ஒவ்வொரு முறையும் குறைந்த எரிபொருளே நிரப்பியதால் கார் இலேசானது, டயரும் புதிதானது, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடியது. இழந்ததைவிட ஈட்டுவது மிகுந்தால் இலாபம், இல்லையேல் நட்டம். வியாபாரக் கணக்குப் போலத்தான்!

ஆனால் அந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால், 19 சுற்றுகளில் ஏறத்தாழ 25 வினாடி முன்னிலையை ஷூமாக்கர் ஈட்டியாக வேண்டும். வானொலியில் அவருக்குச் சொல்லப்பட்ட செய்தி இதுதான். இடையில் ஒருமுறை பாதையை விட்டே வழுக்கி வெளியேறினார். ஆயினும் திரும்பி வந்து ஈட்டிக் காட்டினார், வென்றார். இப்போது சொல்லுங்கள்: வென்றது யார்? பிரானின் திட்டமின்றி ஷூமாக்கர் மூன்றாவது இடத்திலேயே முடங்கியிருக்கலாம். ஷூமாக்கரின் கைகளின்றி அத்திட்டம் வெறும் காகிதம்.

"ஒரே காரை இருவருக்குக் கொடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமே" என்பீர்கள். அதுவும் நடந்தது. 1988இல் சென்னா, ப்ராஸ்ட் என்னும் இரு மேதைகள் ஒரே மக்லாரன் அணியில் ஓட்டினார்கள். 16 பந்தயங்களில் 15 அந்த அணிக்கே. ஓராண்டில் ப்ராஸ்ட் ஈட்டிய மொத்தப் புள்ளிகள் 105. சென்னா ஈட்டியது 94. ஆயினும் பட்டம் சென்னாவுக்கே சென்றது! காரணம், ஒருவரின் சிறந்த 11 முடிவுகளை மட்டுமே எண்ண வேண்டும் என்பது அன்றைய விதி. அவ்வாறு எண்ணியபோது சென்னாவுக்கு 90, ப்ராஸ்டுக்கு 87. அதிக வெற்றி பெற்றவர் சென்னா. அதிகப் புள்ளி சேர்த்தவர் ப்ராஸ்ட். ஒரே கார் கொடுத்தும் வாதம் தீரவில்லை, பார்த்தீர்களா?

நம் மண்ணின் பிள்ளை ஒருவரையும் நினைவுகூர்வோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அன்று மிஷலின் டயர் பூட்டிய அணிகள் பாதுகாப்புக் கருதி விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடின. "ஆறில் நான்காவதுதானே!" என்று எள்ளுபவர்கள் உண்டு. அந்த ஆறு கார்களில் ஒன்றில் அமரும் தகுதியைப் பெற அவர் கடந்து வந்த தூரத்தை எள்ளுபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே வேளையில், ஆறு கார்கள்தாம் ஓடின என்பதை மறைத்துப் புகழ்வதும் நேர்மையாகாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நீதி.

இனி அபுதாபிக்கு வருவோம். அந்தப் பந்தய இயக்குநர் 2022 பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். மார்ச் மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கை, மனிதத் தவறு நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது. அவர் நல்லெண்ணத்துடனேயே செயல்பட்டார் என்றும் கூறியது. முடிவு மாறாது என்றும் உறுதி செய்தது. பின்தங்கிய கார்கள் "அனைத்தும்" விலக வேண்டும் என்று விதியின் சொல்லும் திருத்தப்பட்டது. ஆக, முறை தவறியது என்று தம்பி மகன் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் தவறியது விதியை நடத்தியவரே தவிர, காரை ஓட்டியவர் அல்லர். வாய்ப்பு வந்த கணத்தில் ஆயத்தமாக இருந்தது அந்த அணியின் சாமர்த்தியம் என்று தங்கை மகன் சொன்னதிலும் உண்மை உண்டு. இருவரும் தத்தம் பாதியைப் பிடித்துக்கொண்டு, மற்றவன் பாதியைப் பொய் என்றார்கள். அதுவும் போதாதென்று பேச்சு காரைவிட்டுக் கடைக்குத் தாவியது. காயம் அங்கேதான் பட்டது.

விடுமுறை முடிந்து தங்கை மகன் சொல்லாமலே விமானம் ஏறினான். நான் இருவரிடமும் பேசிப் பார்த்தேன், பலனில்லை. அவனை வழிக்குக் கொண்டுவந்தது என் தங்கைதான். அவன் முதன்முதலில் வெளிநாடு சென்றபோது விசாவுக்கும் பயணச்சீட்டுக்குமான பணம் எங்கிருந்து வந்தது என்பதை அத்தனை ஆண்டுகள் கழித்து அவனிடம் சொன்னாள். அது அவனுடைய மாமாவின் அந்தக் கடைக் கல்லாவிலிருந்து வந்த பணம். வெளியே சொல்ல வேண்டாம் என்று என் தம்பி அன்று கேட்டுக்கொண்டிருந்தான். தன் உழைப்பால் உயர்ந்தவன் என்று அவன் எண்ணியது பொய்யன்று. இரவு பகலாக உழைத்தவன்தான். ஆனால் அவனுக்கும் டயர் மாற்றிவிட்ட கைகள் இருந்தன.

அடுத்த பெருநாளன்று தம்பி மகனுக்கு அழைப்பு வந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார்கள் என்பது மட்டும் தெரியும். இறுதியில் "அது திருட்டுத்தான்டா மச்சான்!" என்று தம்பி மகன் உரக்கச் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. வாதம் முடியவில்லை. முடியவும் வேண்டாம்!

நிறைவாக ஒரு நிகழ்ச்சி. 1956இல் இத்தாலியின் மான்சாவில் ஆண்டின் கடைசிப் பந்தயம். ஃபாங்கியோவின் ஃபெராரி கார் பழுதாகி நின்றது. அதே அணியின் பீட்டர் காலின்ஸ், 24 வயது இளைஞர். பட்டம் வெல்லும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. ஆயினும் உள்ளே வந்து, தம் காரைவிட்டு இறங்கி, அதை ஃபாங்கியோவிடம் கொடுத்தார். அன்றைய விதி அதனை அனுமதித்தது. ஃபாங்கியோ இரண்டாவதாக வந்து உலக வீரரானார். காலின்ஸுக்குப் பிறகு அந்தப் பட்டம் கிட்டவேயில்லை. 1958இல் நூர்பர்க்ரிங் களத்தில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார்.

பட்டியலில் அப்பட்டம் ஃபாங்கியோவின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதைக் காண்போர், இறங்கிக் கொடுத்தவரையும் சேர்த்தே நினைக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஓட்டிச் செல்பவர் ஒருவர் இருப்பார். இறங்கிக் கொடுத்தவரும் இருப்பார். பிள்ளைகள் வாதாடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் பேச்சு பந்தயத்தைவிட்டு ஆளின் மீது பாயும் அந்த வளைவில், பெரியவர்களே, சிரித்துக்கொண்டிருக்காதீர்கள். நான் சிரித்தேன், என் தம்பி வீட்டுச் சோறு ஆறிப்போனது.