மரபணு மட்டும் போதாது

மிளகாயில் வைரஸ் எதிர்ப்பு என்றதும், எந்த மரபணு என்றுதான் முதலில் கேட்கிறோம். அது எந்தச் செடிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியின் அருமையை உணர்த்தியது நம் நாட்டு வகையான பெரென்னியல்.

அதன் எதிர்ப்புக்கு அடிப்படை பிவிஆர்2 மரபணுவின் ஒரு வடிவம். உருளைக்கிழங்கு ஒய் வைரஸ், தன் ஆர்.என்.ஏ. முனையில் ஒட்டியுள்ள விபிஜி புரதத்தால், செடியின் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஈ.ஐ.எஃப்.4ஈ காரணியைப் பற்றிக்கொள்கிறது. பிவிஆர்2 அந்தக் காரணியின் மரபணுவே என்பது 2002இல் உறுதியானது. காரணியில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தால் வைரஸுக்குப் பிடி கிடைக்காது. ஆனால் விபிஜியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் பிடி திரும்பிவிடும்.

இந்த எதிர்ப்பு எவ்வளவு நிலைக்கிறது என்பதைப் பிரான்சின் அவிஞ்ஞோனில் ஆய்வாளர் பாலுவாவின் குழுவினர் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். பெரென்னியலின் பகுதி எதிர்ப்புக் கூறுகளும் சேர்ந்திருந்த வழித்தோன்றலில் எதிர்ப்பு உடையவில்லை. அதே மரபணு தந்த எதிர்ப்பு, எளிதில் நோய்வாங்கும் பின்னணியில் அடிக்கடி உடைந்தது. பின்னணிக் கூறுகள் வைரஸ் பெருக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. பெருக்கம் குறைந்தால் எதிர்ப்பை உடைக்கும் திரிபு தோன்றும் வாய்ப்பும் குறைகிறது.

நம் வேலைமுறையோ இதற்கு நேர் எதிர். மார்க்கரை வைத்து ஒரு மரபணுவை மட்டும் பிடித்துக்கொண்டு, விளைச்சல் ரகத்தோடு மீண்டும் மீண்டும் பின்கலப்பு செய்கிறோம். காய் நன்றாக வருகிறது; காவலாக நின்ற கூறுகள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோகின்றன. மார்க்கர் சோதனை இந்த இழப்பைக் காட்டாது. இப்படி உருவான ரகம் உழவர் வயலில் தோற்றால் அதற்கு வைரஸை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

இன்று வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய்தான் நம் மிளகாய் வயல்களை வாட்டுகிறது. அந்நோயை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்துக்கு எதிராகப் பெபி-1 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பிவிஆர்2 போல இதுவும் ஒடுங்கு மரபணு. வீரிய ஒட்டில் பயன்பட, பெற்றோர் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். இரு பெற்றோரையும் எப்படியும் திருத்தியமைக்கப் போகிறோம். பகுதி எதிர்ப்பையும் அப்போதே சேர்த்துவிடலாமே!

இனி இந்த இதழுக்கு எதிர்ப்பு ரகக் கட்டுரை அனுப்புவோர், பின்னணியின் வலிமை தெரிய, அந்த மரபணு இல்லாத விளைச்சல் ரகப் பெற்றோரின் வைரஸ் அளவையும் சேர்த்துத் தர வேண்டுகிறோம்.