குழந்தைகள் உறங்கும் கூரைக்கு யார் காவல்?

பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் தாய் என்ன கேட்கிறாள்? வேளைக்குச் சோறு உண்டா, துணைக்கு ஆள் உண்டா, என்றைக்குத் திரும்பி வருவாய் என்று கேட்கிறாள். அவ்வளவுதான்! படுக்கப்போகும் கட்டடத்தின் சுவர் எதனால் ஆனது, தீப்பிடித்தால் மணி அடிக்குமா, ஆறு பெருகினால் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வரும் என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. கேட்டாலும் விடை சொல்வார் இல்லை. அவளுக்காகக் கேட்பதற்கென்றே சர்க்கார் இருக்கிறது, இலாகா இருக்கிறது, இன்ஸ்பெக்டர் இருக்கிறார். முகாமின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் லைசென்ஸ், அந்தத் தாய்க்குச் சர்க்கார் எழுதிக் கொடுத்த வாக்குறுதி. அந்த வாக்குறுதி பொய்த்தால் என்ன ஆகும்?

தென்கொரியாவைப் பாருங்கள், தோழர்களே! அங்கே ஹ்வாசோங் என்னும் ஊரில், கடலோரத்தில், 'சீலேண்ட்' என்றொரு இளைஞர் பயிற்சி முகாம். 1999 ஜூன் 30, நள்ளிரவு கடந்த நேரம். பாலர் பள்ளிக் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் உறங்கிக்கொண்டிருந்தனர். தீ மூண்டது. 23 உயிர்கள் கருகின. அவர்களில் 19 பேர் பாலர் பள்ளிக் குழந்தைகள்!

அது எப்படிப்பட்ட கட்டடம் தெரியுமா? கீழ்த்தளம் மட்டுமே கான்கிரீட். மேலே இரண்டு தளங்களும் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகள். கப்பலிலே பண்டம் ஏற்றும் பெட்டியை அடுக்கி, உள்ளே எளிதில் தீப்பற்றும் பொருள்களை ஒட்டி, அதற்குள் பச்சிளங் குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். தீ எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. இதற்கும் லைசென்ஸ் இருந்தது!

தானாகவா வந்தது அந்த லைசென்ஸ்? இல்லை. விண்ணப்பம் வந்தபோது, உள்ளூர் நிர்வாகத்திலே சாதாரணப் பதவியில் இருந்த ஒரு பெண் அதிகாரி கையெழுத்திட மறுத்தார். பணம் நீட்டினார்கள், தொடவில்லை. அடியாட்களை விட்டு மிரட்டினார்கள்; அஞ்சவில்லை. மேலதிகாரிகள் நெருக்கினார்கள், அசையவில்லை. நடந்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கடைசியில் என்ன செய்தார்கள்? அவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். நாற்காலி மாறியது, லைசென்ஸ் பிறந்தது. தீ எரிந்த பிறகுதான் அந்தக் குறிப்பேடு ஊருக்குத் தெரிந்தது. அதிகாரிகள் சிலர் கைதாயினர்.

விதி இல்லாமலா போயிற்று அங்கே? விதி இருந்தது. விதியைக் காத்து நின்ற மனிதருக்குத்தான் பாதுகாப்பு இல்லை! அதன் பிறகாவது பாடம் கற்றார்களா? 2014 பிப்ரவரி 17 அன்று கியோங்ஜு நகருக்கு அருகே ஓர் உல்லாச விடுதியில், புது மாணவர்களை வரவேற்கும் நிகழ்ச்சி. பனியின் பாரம் தாங்காமல் மண்டபக் கூரை இடிந்தது. 10 பேர் மாண்டனர். 9 பேர் மாணவர்கள்.

“அது ஆசிய நாடு, அப்படித்தான் இருக்கும், அமெரிக்காவில் நடக்குமா?” என்பார் சிலர். நடந்ததே! 2025 ஜூலை 4, டெக்சாஸ் மாநிலம். குவாடலூப் ஆற்றங்கரையில் 1926 முதல் நடந்துவரும் 'மிஸ்டிக்' என்னும் சிறுமியர் முகாம். 45 நிமிடத்தில் ஆறு 26 அடி உயர்ந்தது. சிறுமியரும் இளம் பொறுப்பாளர்களுமாக 27 பேரை வெள்ளம் கொண்டுபோயிற்று. முகாமின் தலைவரும் மாண்டார்.

ஆறு அன்றைக்கா அங்கே வந்தது? அந்த ஆறு வெள்ளக்காடாவது ஊரறிந்த செய்தி. 1987-இல் அதே ஆறு, முகாமிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் 10 பேரை விழுங்கியிருக்கிறது. மத்திய சர்க்காரின் பேரிடர் இலாகா வெள்ள அபாய வரைபடமும் போட்டிருந்தது. ஆனால் 2013, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்த மேல்முறையீடுகளை ஏற்று, அந்த முகாமின் 30 கட்டடங்களை வரைபடத்தின் அபாயப் பகுதியிலிருந்து நீக்கினார்கள். கோட்டை அழித்தார்கள், ஆற்றை அழிக்க முடியுமா?

வெள்ளத்துக்கு இரண்டே நாள் முன்பு மாநில இலாகா சோதனை நடத்தியது. அவசரகாலத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போயிற்று. எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, எழுதியது உயிரைக் காக்குமா என்று பார்க்கவில்லை. சட்டமும் அதற்கு மேல் கேட்கவில்லை!

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சும்மா இருக்கவில்லை. சட்டசபைக்குச் சென்று சாட்சி சொன்னார்கள். 2025 செப்டம்பர் 5-இல் புதிய சட்டங்கள் கையெழுத்தாயின. சில விலக்குகள் நீங்கலாக, வெள்ளப் படுகையில் படுக்கைக் குடில் வைத்திருக்கும் முகாமுக்கு லைசென்ஸ் கிடையாது. அவசரகாலத் திட்டத்தைச் சர்க்கார் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். பணியாளருக்குப் பயிற்சி தரவேண்டும் என்றன அவை. உடனே எழுந்தது முகாம் நடத்துவோர் சிலரின் குரல்: “செலவு தாங்காது! முகாம்களை மூட வேண்டிவரும்!”

செலவைப் பற்றிப் பேசாமல் நாமும் நழுவவில்லை. கட்டடத்தைப் பெயர்த்து மேட்டில் கட்டப் பணம் வேண்டும், உண்மை. சிறு முகாம்கள் திணறும், அதுவும் உண்மை. அவை மூடினால் நஷ்டப்படுவது ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆகவே, பணமில்லாத முகாமுக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி செய்யட்டும் என்கிறோம். விதியைத் தளர்த்தி உதவி செய்யாதே என்கிறோம். தளர்த்திய விதிக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் முதலாளி அல்ல. பெட்டிக்குள் உறங்கிய குழந்தை!

நாம் கேட்பது பெரிதல்ல. கையெழுத்திட மறுக்கும் அதிகாரியை, அந்த விண்ணப்பம் முடியும் வரை இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் காரணத்தை எழுதிப் பகிரங்கப்படுத்த வேண்டும். சோதனை அறிக்கை அலுவலகப் பீரோவில் தூங்கக் கூடாது. பெற்றோர் படிக்கும்படி முகாமின் வாசலில் தொங்க வேண்டும். பகலில் வந்து காகிதத்தைப் புரட்டுவது சோதனை ஆகாது. இரவிலே, விளக்கு அணைந்தபின், எத்தனை நிமிடத்தில் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதே சோதனை.

ஆலையிலே பாய்லர் வெடித்தபின் அல்ல, வெடிக்குமுன் வரவேண்டும் இன்ஸ்பெக்டர் என்று போராடியவன் பாட்டாளி. தன் உயிருக்காகக் கேட்டதைத் தன் பிள்ளையின் உயிருக்காகவும் கேட்கட்டும். ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு கிளையும், பிள்ளைகள் போகும் முகாமின் வாசலில் நின்று, “அறிக்கை எங்கே?” என்று கேட்கட்டும். சாம்பலான பின் எழுதும் சட்டம் இரங்கற்பா. முன்னே எழுதிக் காத்து நிற்கும் சட்டமே சட்டம்!